எறும்புக் கால் முடி

ஒரு பள்ளிக்கூடத்துப் பீரோவுக்குள் ஒரு டேப்லெட் குடியிருந்தது. அதன் திரைமேல் ஒட்டியிருந்த கண்ணாடித்தாளைக்கூட யாரும் உரித்ததில்லை.

“வெளியே மட்டும் போயிடாதே தம்பி. ஒரு கீறல் விழுந்தாலும், ஆய்வுக்கு வர்றவங்களுக்கு யார் பதில் சொல்றது?” என்று பீரோ தினமும் எச்சரிக்கும். டேப்லெட்டும் நடுங்கிப்போகும்.

ஒருநாள், இரண்டாம் வகுப்புக்குப் புதிதாக வந்த பூங்கோதை டீச்சர் அதை எடுத்து மேசையில் மல்லாக்க வைத்தார். தாளை உரித்தார். முன்பக்கக் கேமராவின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார்.

‘செத்தேன்!’ என்று நினைத்தது டேப்லெட்.

டீச்சர் உரித்த தாளில் ஓர் எறும்பை ஏற்றி, சொட்டுக்கு நேர்மேலே பிடித்தார். சொட்டு பூதக்கண்ணாடியாக மாற, திரை முழுக்க எறும்பு! டேப்லெட் பயத்தை மறந்து பார்த்தது.

“டீச்சர், எறும்புக் கால்ல முடி இருக்கு!” என்று கத்தியபடி இருபது தலைகள் முட்டிக்கொண்டன.

மாலையில் டேப்லெட் மூலையில் ஒரு கீறலோடு திரும்பியது.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!” என்று பீரோ கதவைப் படாரென்று அடித்துக்கொண்டது.

“அது கிடக்கட்டும் அண்ணே. உங்க அடித்தட்டுல தினமும் எறும்பு ஊருதே, அதோட காலை என்னைக்காவது பாத்திருக்கீங்களா?”

மூன்று முறை குலுக்கினால்தான் திறக்கும் பீரோவின் பூட்டு, மறுநாள் காலை டீச்சர் சாவியை நுழைத்ததுமே திறந்துகொண்டது.