இரண்டேகால் கிலோ நீலம்

பதினோரு வருஷமாக அந்த அணியின் பந்தயக் கார்களுக்கு நீலம் அடித்த மாசிலாமணியையே கூப்பிட்டு, இப்போது அதைத் தேய்த்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள். "பெயின்ட் மட்டுமே இரண்டேகால் கிலோ வருதுங்க. அது இல்லாட்டி வண்டி இன்னும் பறக்கும்" என்றார் இன்ஜினியர். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்பதையும் அதே மூச்சில் சொன்னார்.

மதியம், நீலத்துக்கு அடியிலிருந்த கார்பன் ஃபைபர் தெரிய, கார் கன்னங்கரேலென்று வெளியே வந்தது. பட்டறை கேட்டில் காத்திருந்த ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். "என்றா இது, தோசைக்கல்லுக்குச் சக்கரம் வெச்சாப்ல!" என்று ஒருத்தன் கத்தினான். "வேகமாப் போகுமாமா. போனா நம்ம வண்டின்னு எப்படிரா தெரியும்?" என்றான் இன்னொருத்தன்.

அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று மாசிலாமணி வெளியே வந்தான். தலைமயிர், புருவம், காதுமடல் எல்லாம் நீலப் பொடி. மாஸ்க் இருந்த இடம் மட்டும்தான் மனுஷத் தோல். கத்தியவன் கிட்டே வந்து, அவன் முழங்கையில் விரலை வைத்து இழுத்துத் தன் கன்னத்தில் பூசிக்கொண்டான். அவ்வளவுதான், ஆளாளுக்குக் கையை நீட்டினார்கள்.

"ஆடாம நில்லுங்ணா."

"இந்தப் பக்கம் திரும்புங்ணா."

பஸ் வந்து, நின்று, போனது.

"அடுத்த வண்டிக்காச்சும் நம்ம நீலத்தையே அடிச்சு உட்ருங்ணா" என்று ஒருத்தன் கெஞ்சினான்.

"அடிச்சிரலாம் தம்பி" என்றான் மாசிலாமணி.

கைகள் வந்துகொண்டே இருந்தன. அவன் மேல்பொத்தானைக் கழற்றி, இன்னும் பொடி மிச்சமிருந்த கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றான்.