குல்லாயில் ஒரு பட்டாதாரர்

தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளை இடிக்கும் இயந்திரம் மலையேறி வந்துகொண்டிருந்தது. இருதயமேரி பாத்திரங்களையெல்லாம் சாக்கில் கட்டிவிட்டாள். தேயிலைத் தோட்டத்தை மூடிய துரை, காலி செய்யச் சொல்லி ஆளனுப்பிவிட்டார்.

பூச்சிக் கணக்கெடுப்புதான் பாக்கி. இந்த உயரத்தில் எந்தச் சுவரை இடிப்பதானாலும் முதலில் விட்டில்பூச்சிகளைப் பார்த்தாக வேண்டும். பெயரே இல்லாத புது இனம் தென்பட்டால், அந்த இடத்துக்கு அதுதான் பட்டாதாரர்.

பூச்சிப் பதிவாளர் மங்கை இருதயமேரியின் வாசலில் விளக்கு வைத்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணியில், விடியும்போது ஒட்டியிருந்தவை எல்லாம் பெயருள்ள பூச்சிகள். அவள் துணியை மடித்தாள். குளிர் தாங்காமல் இருதயமேரியின் கணவன் சேவியர் ஆணியில் தொங்கிய குரங்குக் குல்லாயை எடுக்கப் போனான்.

"அண்ணே, தொடாதீங்க!"

குல்லாயின் மடிப்பில் நகமளவு சாம்பல் நிற விட்டில் ஒன்று அப்பியிருந்தது. மங்கையின் கருவி வெகுநேரம் தேடிவிட்டு, 'பெயர் இல்லை' என்றது.

"இனி இந்த லைன்ல ஒரு வீட்டையும் இடிக்க முடியாதுக்கா. எல்லாம் ஒரே கூரைதானே!"

"வீடு பூச்சிக்குன்னா எங்கள வெளிய தள்ளிருவாங்களே, தாயி?"

மங்கை பதிவை வாய்விட்டுப் படித்தபடியே எழுதினாள்: "வாழிடம்: ஈரச் சுவர், விறகடுப்புப் புகை, கம்பளிக் குல்லாய், அதைப் போட்டுக்கொள்பவர், அவர் மனைவி. இவற்றில் எதையும் அகற்றக் கூடாது."

இருதயமேரி அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கட்டை அவிழ்த்து டீச்சட்டியை வெளியே எடுத்தாள். அக்கம்பக்கத்தில் சொல்ல வெறுந்தலையோடு ஓடிய சேவியர், கதவைப் படாரென்று இழுத்தான்.

"மெதுவா சாத்துங்க," என்று அதட்டினாள் இருதயமேரி. "புது தொரை தூங்குறாரு."