எண்பது நிமிடத் தண்ணீர்

ஜனவரி 11, ஞாயிறு. இன்று செய்த தவறு: எலுமிச்சம்பழங்களுக்குச் சிவப்பு மை பூசினேன்.

கலங்கல் தண்ணீரில் பளிச்சென்று தெரியட்டும் என்றுதான். மாலை வகுப்பில் கொடுத்த தாளில் ஆரஞ்சு என்று இருந்தது. எலுமிச்சை கையில் இருந்தது. அதுவும் தவறாக இருக்கலாம்.

வேலை எளியது. பழத்தை வாய்க்காலில் மிதக்க விட்டு, இருபது மீட்டரைக் கடக்க எத்தனை வினாடி என்று பார்த்தால் தண்ணீரின் வேகம் தெரியும். பருத்திச் செடி ஆற்றிலிருந்து எவ்வளவு குடிக்கிறது என்பது என் கட்டுரை.

ஜேடர்பாளையத்துக்குக் கீழே ஒரு கிளை வாய்க்கால். அதன் கடைசி மடையில் பருத்திக் காடு.

மூன்று பழங்களை விட்டேன். இருபதாவது மீட்டரில் பிடித்திருக்க வேண்டும். நான் குனிந்து நோட்டில் வினாடிகளை எழுதிக்கொண்டிருந்தேன். பழங்கள் போய்விட்டன.

கீழே கூச்சல் கேட்டது. ஓடினேன்.

மடை வாயில் ஒரு பழம் சுற்றிக்கொண்டிருந்தது. மண்வெட்டியுடன் ஒரு பெண் நின்றிருந்தார். ராசம்மாள், அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர். நாற்பது வயது இருக்கும். அவர் பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார்.

"ஆரோ செய்வினை வெச்சு உட்டிருக்காங்க. இந்தத் தண்ணி என்ற காட்டுக்குள்ள வரக்கூடாது" என்று களை வெட்டுகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்.

நாலு வெட்டு மண்ணில் மடை அடைபட்டது. தண்ணீர் வடிகாலில் விழுந்து ஆற்றை நோக்கிப் போனது.

"அது நான் போட்டதுங்க. வேகம் அளக்க" என்றேன்.

"அளந்துக்குங்க சார். நாங்க என்னத்தச் சொல்றது."

களை வெட்டிக்கொண்டிருந்த அத்தாயி என்பவர்தான் விவரம் சொன்னார். எட்டு நாளுக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் ராசம்மாளின் தண்ணீர் முறை. நாற்பது நிமிடம்தான் பாய்ந்திருக்கிறது. செடி காய் பிடிக்கிற நேரம். இன்னும் எட்டு நாள் காய்ந்தால் பிஞ்செல்லாம் கொட்டிவிடும்.

எனக்குப் பொறுக்கவில்லை. பழத்தை எடுத்துக் கடித்துக் காட்டினேன். மை உதட்டில் ஒட்டிக்கொண்டது.

"சாருக்குக் காலையில சாப்பாடு ஒண்ணும் ஆகல போலிருக்குது" என்றார் அத்தாயி. எல்லோரும் சிரித்தார்கள். ராசம்மாள் சிரிக்கவில்லை.

"சார் சொன்னாச் சரிங்க. ஆனா மடையத் தொறக்க முடியாதுங்க."

எத்தனை விதமாகச் சொன்னாலும் இதே பதில். மரியாதை கூடிக்கொண்டே போனது. மண் மட்டும் அசையவில்லை.

நான் வேலை பார்க்கும் லாரி புக்கிங் ஆபீஸில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்காமல் ஒரு வண்டியும் கிளம்பாது. அங்கே எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்ததில்லை. ஏன் என்று தெரியவில்லை.

கரையிலேயே உட்கார்ந்து நேரத்தைக் குறித்தேன். முறை முடிந்ததும் எழுதினேன்: மூடநம்பிக்கையால் வீணான நீர், 80 நிமிடம். அடிக்கோடு போட்டேன். ஆற்றுக்குத் திரும்பிய தண்ணீரை வீண் என்று எழுதலாமா என்று பிறகு சந்தேகம் வந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு ராசம்மாள் பின்னாலேயே வந்தார்.

"சாருக்கு எந்த ஆபீசுங்க?"

வகுப்பு அடையாள அட்டையைக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். முபஷிர், அம்மாபேட்டை என்று எழுத்துக்கூட்டிப் படித்தார். மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"படிக்கிற பையனா நீயி? இத மொதல்லயே சொல்லித் தொலையறதுக்கென்ன?"

"பழம் நான் போட்டதுன்னு சொன்னேனேங்க."

"பழத்துக்கா மடைய அடைச்சேன்? உன்ற நோட்டுக்கு அடைச்சேன் சாமி."

அவர் காடு வாய்க்காலின் பாசனப் பதிவில் இல்லை. மேலே இருப்பவர்கள் வாய்ச் சொல்லாக விட்டுக்கொடுத்த இரண்டு மணி நேரம் அது. அதிகாரி ஒருவர் கண்ணில் பட்டு எழுத்தில் ஏறிவிட்டால், அதோடு நின்றுபோகும். நோட்டும் கையுமாக ஒருவன் கரையில் உட்கார்ந்திருக்கும்போது வேறென்ன சொல்லி அடைப்பது என்று கேட்டார். சாக்குச் சொல்லப் பழம் தானாக வந்து சேர்ந்ததாம்.

நான் எழுந்து போயிருந்தால் திறந்திருப்பார். எண்பது நிமிடமும் நான் எழுந்திருக்கவில்லை.

பதிவில் இல்லாத தண்ணீர். என் கட்டுரை தேடிக்கொண்டிருந்ததும் அதைத்தான். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

"நாளைக்கு எட்டு மணிக்கு மேக்காட்டு நாச்சிமுத்தண்ணன் மொறை. விட்டுப்போன தண்ணிய அதுல நான் கேட்டா, ஆபீசர் பாத்துட்டாரு, இனி ஆகாதும்பாரு. நீயே வந்து சொல்லு" என்றார் ராசம்மாள். பஸ் வந்தது.

அடிக்கோடு போட்ட வரியை அடித்துவிட்டேன். அந்தப் பக்கம் முழுவதையும் என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நாளை: ஆபீஸுக்கு லீவு சொல்ல வேண்டும். காலை நாலே முக்கால் பஸ். எட்டு மணிக்குள் நாச்சிமுத்துவைப் பார்த்து, நான் ஆபீசரும் இல்லை, யாரும் இல்லை என்று சொல்லி, ராசம்மாளுக்கு எண்பது நிமிடம் கேட்க வேண்டும்.