கோராகு வீட்டு நடை

ஆலயப் படியில் கால் வைக்குமுன் பெருவிரலால் ஒரு தட்டுத் தட்டினான்.

கல் அசையவில்லை. ஏறினான்.

அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் இதே நடைதான். பிள்ளை எழுந்து நிற்கத் தொடங்கியதும் முதலில் பழக்குவது இதைத்தான். தட்டு, பிறகு மிதி. எருசலேம் முழுக்க இதைச் சொல்லிச் சிரிக்கும். சிரிக்கட்டுமே. மண் வாய்பிளந்து விழுங்கியது சிரிக்கிறவர்கள் வீட்டுப் பாட்டனை அல்லவே!

இவன் வீட்டுப் பாட்டனைத்தான் விழுங்கியது. வனாந்தரத்தில் மோசேயை எதிர்த்து, கடைசியில் ஆண்டவரையே எதிர்த்து நின்ற கோராகை. உயிரோடு.

பிள்ளைகள் மட்டும் சாகவில்லை.

எத்தனையோ தலைமுறை ஆயிற்று. கால் இன்னும் மறக்கவில்லை.

இன்று அவன் கட்டிய பாட்டை ஆலயத்தில் முதன்முதலாகப் பாடப் போகிறார்கள். பாடுமுன் அது யார் வீட்டுப் பாட்டு என்று ஊரறியச் சொல்வார்கள். அதை நினைத்ததும் அடுத்த படியை இரண்டு முறை தட்டினான்.

சுருளில் எழுதுகிற மத்தனியா நாணலை மையில் தோய்த்துக்கொண்டு நிமிர்ந்தார். நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தலைப்புல உங்க அப்பா பேரைப் போட்டுடறேன் தம்பி. அந்தப் பேரு எதுக்கு? யாரு கேக்கப்போறா?"

இதைக் கேட்கத்தான் வந்திருந்தான். வழியெல்லாம் அதற்கு வார்த்தை தேடிக்கொண்டே வந்தான். இப்போது கேளாமலே கிடைத்துவிட்டது.

தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

குனிந்து காலைப் பார்த்தான். ஆலயத்துத் தரை. இந்த ஆலயத்தின் வாசலைக் காக்கும் வேலையை ஆண்டவர் அவர்கள் வீட்டாருக்குத்தான் கொடுத்திருந்தார். பாடுகிற வேலையையும் கொடுத்திருந்தார். யாருடைய பிள்ளைகள் என்று தெரியாமலா கொடுத்திருப்பார்!

நிமிர்ந்தான்.

"கோராகுன்னே எழுதுங்க ஐயா."

பெயரைச் சொன்னார்கள். கூட்டத்தில் சின்னதாய் ஒரு சலசலப்பு. பிறகு பாட்டு எழுந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான்.

பாட்டு முடிந்தபோது காலடியில் கல் கல்லாகவே இருந்தது.

முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து அவன் மகள் தாயின் கையை உதறிக்கொண்டு ஓடிவந்தாள். மூன்று வயது. சந்தோஷத்தில் தட்ட மறந்துவிட்டாள். முழுப் பாதமும் பதிய, தடதடவென்று ஓடிவந்தாள்.

தட்டிவிட்டு வா என்று சொல்ல வாயெடுத்தான்.

கைகளை மட்டும் விரித்தான்.