அடுப்புக்கு மேலே ஒரு குழாய்

"பொம்பளைப் புள்ளையா வந்திருக்கு? ஊர்ல வேற பிளம்பரே கிடைக்கலையாடா உனக்கு?"

வாசலிலேயே அம்மா ஆரம்பித்துவிட்டாள். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற அந்தப் பெண் செருப்பைக் கழற்றினாள். மகன் பாய்ந்து வந்து கதவை அகலத் திறந்தான்.

பின்னே திறக்காமல் இருப்பானா? வந்திருப்பவள் வெறும் பிளம்பரா என்ன, அவன் உயிரல்லவா! போன வருஷம் ஆபீஸில் ஒழுகின குழாயைச் சரிபண்ண வந்தவள், இவன் மனசை ஒழுகவிட்டுப் போய்விட்டாள். இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று அவளிடம் நாள் கடத்தினானே தவிர, அம்மா முன்னால் நின்றால் ஐயாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கடைசியில் அவளே ஒரு யோசனை சொன்னாள். அம்மா ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்புகிறவள். பெரிய பானையில் தண்ணீர் பிடித்து, தொட்டியிலிருந்து அடுப்புக்குத் தூக்கித் தூக்கியே இடுப்பு போயிருந்தது. அடுப்புக்கு மேலேயே சுவரில் ஒரு மடக்குக் குழாய் மாட்டினால் பானையைத் தூக்கவே வேண்டாம்.

வேலையைப் பார்த்து அம்மா வாயிலிருந்து "பரவாயில்லையே" என்று ஒரு சொல் வந்துவிட்டால் போதும், சாயங்காலமே விஷயத்தை உடைத்துவிடலாம். வராவிட்டால் கல்யாணப் பேச்சையே மறந்துவிட வேண்டியதுதான்.

"வாங்க மேடம், கிச்சன் இந்தப் பக்கம்" என்றான், முன்பின் பார்த்திராதவன் மாதிரி.

"தேங்க்ஸ் சார்" என்றாள் அவள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நேரே அடுப்படிக்குப் போனவள் டைலில் டேப்பை ஒட்டி, அதன்மேல் பென்சிலால் ஒரு குறி போட்டாள்.

"என்னம்மா, நீ பாட்டுக்குக் கோடு போடுற?" அம்மா பாய்ந்தாள். "என் பெரிய பானை எவ்வளவு உயரம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வெச்சுத்தான் பாருங்களேன்மா."

பின்கட்டில் கிடந்த பானையை மகன் தூக்கிவந்து அடுப்பில் ஏற்றினான். பானை வாய்க்கும் குறிக்கும் நடுவே சரியாக ஒரு சாண் இடம் இருந்தது. என்ன கைராசி, என்ன கண்ணளவு என்று அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவோ, "ஏதோ குருட்டாம்போக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டிரில் அலறியது. டைல் சூடேறி விரிசல் விடாமல் இருக்க மகன் பக்கத்தில் நின்று சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டான். ஒரு சில்லு தெறித்ததுதான் தாமதம், "ஐயோ, கைய எடு!" என்று பதறிவிட்டான். அம்மா வெடுக்கென்று திரும்பினாள்.

"கைய... கைய எடுங்க மேடம்னு சொன்னேன்மா."

சுவருக்குப் பின்னால் குளியலறை. தண்ணீர் வரும் குழாய் அந்தப் பக்கம்தான் ஓடியது. இணைப்புக் கொடுக்க அவள் அங்கே போனதும் அம்மா மகனை நெருங்கி வந்தாள்.

"எப்படிடா இருக்கு இந்தப் பொண்ணு?"

"எனக்கென்னம்மா தெரியும்? பிளம்பர் மாதிரிதான் இருக்கு."

"இதைக் கட்டிக்கப் போறவன் பாடு திண்டாட்டம்தான். மாமியார்காரி கதி அதைவிட மோசம்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்பேனர் ணங்கென்று விழுந்தது. மகன் மனசும் கூடவே விழுந்தது.

அவள் திரும்பி வந்து, ஒழுகாமல் இருக்க மரையில் டேப் சுற்றி, குழாயைப் பொருத்தி முறுக்கினாள். "வால்வைத் திறந்துட்டு வரேன் சார். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தொடாமல் இருப்பானா? எப்படியாவது அந்த ஒரு "பரவாயில்லையே"யை வாங்கிவிட வேண்டுமே! "பாரும்மா, கை மாதிரி எப்படி நீளுது பாரு" என்று குழாயை அம்மா பக்கம் இழுத்து நீட்டினான். "இந்தத் திருகு ஒண்ணு, நுனியில ஒண்ணு. ரெண்டையும் இப்படித் திறந்தா..."

உள்ளே வால்வு திறந்தது. குழாய் இரண்டு தரம் கனைத்தது. அப்புறம் பீய்ச்சி அடித்தது பாருங்கள், அம்மா தலையோடு கால் நனைந்துவிட்டாள்!

"அடியே!" அம்மா போட்ட சத்தத்தில் பாத்திரங்கள் அதிர்ந்தன. "இதுதான் நீ வேலை பாக்குற லட்சணமா? பையை எடுத்துக்கிட்டு நடையைக் கட்டு!"

ஓடிவந்து குழாயை மூடிய பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள்! அதைப் பார்த்ததும் அவனுக்கு எங்கிருந்துதான் அத்தனை வீரம் வந்ததோ.

"அவளை ஒண்ணும் சொல்லாதம்மா! திறந்தது நான்தான்!" என்று கத்தினான். "நீ திட்டினாலும் சரி, வீட்டைவிட்டுத் துரத்தினாலும் சரி, கட்டினா இவளைத்தான் கட்டுவேன்! ஒரு வருஷமா சொல்ல முடியாம செத்துக்கிட்டிருக்கேன்!"

சொல்லி முடித்துவிட்டு அவனே வாயைப் பொத்திக்கொண்டான்.

அவள் முகத்திலிருந்து கையை எடுத்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் அது சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர். அம்மா நனைந்த தலைமுடியைப் பிழிந்துகொண்டே அந்தப் பெண்ணின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"நான்தான் சொன்னேனே மருமகளே, குழாயை மாட்டினா இவன் வாய் தானாத் திறக்கும்னு!"