மூன்று தினுசு

"மீன் விக்கிற ஒரு அம்மா, ஆறு மாசத்துல தொண்ணூத்தாறு புத்தகம் படிச்சாங்களா? யாருக்கய்யா காது குத்தறீர்?"

ஆய்வாளர் கருணாகரன் பேரேட்டை மூடி மேசைமேல் போட்டார். ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் இருந்த அந்தச் சின்ன நூலகத்தைச் சோதிக்க வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர். எதிரே நின்றிருந்த நூலகர் ரகுபதி வேலைக்கு வந்தே ஆறு மாதந்தான் ஆகிறது.

"சத்தியமா படிக்கிறாங்க சார். நாவல், மதம், சமூக சாஸ்திரம், எதையும் விடறதில்லை."

"வேற யாருக்கோ எடுத்துக் குடுக்கறாங்க. விதி தெரியுமில்லே? உறுப்பினர் அட்டையை அடுத்தவங்களுக்குப் பயன்படுத்தினா ரத்து. இன்னிக்கே ரத்து பண்ணிட்டுத்தான் போகப்போறேன்."

அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் மின்விசிறிக்காக வருவார்கள். மீதிப் பேர் தினசரியில் சினிமா விளம்பரம் பார்க்க வருவார்கள். புத்தக அலமாரியைத் தேடி வருகிற ஒரே ஜீவன் இருதயம்மாள். காசிமேட்டில் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்று முடித்து, கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு, குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் உள்ளே கால் வைப்பாள்.

"நைனா, ஒரு கதை புஸ்தவம், ஒரு சாமி புஸ்தவம், ஒரு சனங்கள பத்தின புஸ்தவம். நீயே நல்லதா பாத்துக் குடு" என்பாள்.

துப்பறியும் நாவலைத் தாண்டாத ரகுபதி, அவளுக்காகத்தான் பூட்டியே கிடந்த கடைசி அலமாரியைத் திறந்தான். அவளுக்குக் கொடுக்குமுன் தானும் நாலு பக்கம் புரட்டினான். உலகத்தில் இத்தனை தினுசுப் புத்தகங்கள் இருப்பதே அப்புறந்தான் அவனுக்கு உறைத்தது. அந்த அட்டை போய்விட்டால் அலமாரியை மறுபடி பூட்ட வேண்டியதுதான்.

"அதோ, அவங்களே வராங்க சார். நீங்களே கேட்டுப் பாருங்க."

செய்தித்தாளில் பொதிந்த மூன்று புத்தகங்களோடு இருதயம்மாள் உள்ளே வந்தாள். விஷயம் எதுவும் தெரியாமல், அதிகாரிக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

கருணாகரன் நாவலைக் கையில் எடுத்தார். அவர் படித்த நாவல்தான். "ஏம்மா, கடைசியில அந்தப் பொண்ணு புருஷனோட ரயில் ஏறிப் போயிடறாளே, அது சரியா?" என்று முடிவை மாற்றிச் சொல்லிக் கொக்கி போட்டார்.

"எங்க சார் போறா? பொட்டிய கட்டிக்கினு டேசன் வரிக்கும் வர்றா. வண்டி வந்ததும் பொட்டிய அவன் கையில குடுத்து, 'நீ போ'ன்னுட்டு திரும்பிடறா. அந்த எடம் வரச்சொல்லோ அரிவாமணைய தள்ளி வெச்சிட்டு சிரிச்சேன்."

மீன் அரிகிற நேரத்தைக்கூட வீணாக்காத அந்த அம்மாளை நினைத்து ரகுபதிக்குப் பெருமை தாங்கவில்லை. அதிகாரி அடுத்த புத்தகத்தைத் தொட்டார். புத்தரின் வாழ்க்கை.

"நீ வேதக்காரம்மாதானே? மாதா கோயிலுக்குப் போற உனக்கு இதுல என்ன?"

"வேதக்காரின்னா மத்த சாமிய பத்தி தெரிஞ்சுக்கக் கூடாதா? பொஞ்சாதி தூங்கச்சொல்லோ சொல்லாம கொள்ளாம போனாரு பாரு, அத்த நெனச்சு ரெண்டு நாளு பேஜாரா இருந்திச்சு எனக்கு. அப்பால ஞானம் வந்து, அவ வாசலுக்கே திரும்பி வந்து நின்னாரே, அதுக்காவ வுட்டேன்."

கருணாகரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மூன்றாவது, அஸ்ஸாம் பக்கத்து மலைவாசிகளைப் பற்றிய சமூக சாஸ்திரம். அவர் கேட்கக்கூட இல்லை.

"அங்க சொத்து கடைசிப் பொண்ணுக்குப் போவுதாம் சார். எங்காண்ட கட்டுமரமும் வலையும் ஆம்பள பேர்ல, வூட்டுல அடுப்பு எரியறது பொம்பள கூடையில. எது நியாயம்னு நீதான் சொல்லேன்."

அதிகாரி ரகுபதியின் பக்கம் திரும்பினார். "ரகுபதி, நான் எம்.ஏ. படிச்சவன். இந்தப் புத்தகத்தை ரெண்டு தடவை படிச்சிருக்கேன். இந்தக் கேள்வி எனக்குத் தோணவே இல்லையே!" என்றார்.

பேனாவைத் திறந்து பேரேட்டில் எழுதினார்: "உறுப்பினரை நேரில் விசாரித்தேன். அட்டை செல்லும்." தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, எழுந்து நின்று, இரண்டு கையாலும் பேனாவை நீட்டினார்.

"நீங்களும் இதுக்குக் கீழே ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

"கையெழுத்துக்கு நான் எங்க சார் போவேன்? மைப்பொட்டி குடு" என்று கட்டைவிரலை நீட்டினாள் இருதயம்மாள். "எங்க குப்பத்துல வூட்டு வரி ரசீது எனக்கு மட்டுந்தான் கீது, அத்த பாத்துதான் கார்டு குடுத்தாங்க. இருவது பொம்பளைங்க என் கார்டுலதான் படிக்கிறாங்க. ஆனா, நான் மீன் அரியச்சொல்லோ பக்கத்துல குந்தி, படிச்சத முச்சூடும் எனக்கு சொன்னாத்தான் அடுத்த புஸ்தவம்!"

கருணாகரன் தான் எழுதியதை ஒருமுறை படித்தார். ஓர் எழுத்தையும் அடிக்காமல், மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார்.