நுனி தேய்ந்த செருப்பு

பாதத்தைத் தொய்ய வைக்கும் ஒரு பரம்பரை நோய்க்கு எந்த மரபணு காரணம் என்று தேடி, ஜெசிந்தா வீடு வீடாக ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். "என் தம்பிக்கு மட்டுந்தான் டாக்டரம்மா, வேற யாருக்கும் கிடையாது" என்றாள் செண்பகவல்லி. ஆனால் வாசலில் கிடந்த செருப்புகளில் நான்கு ஜோடிக்கு நுனி மட்டும் தேய்ந்திருந்தது. காலை இழுத்து நடந்தால்தான் அப்படித் தேயும். அதிலொன்று மகள் திலகாவுடையது. ஜெசிந்தா அதைப் புரட்டிப் பார்ப்பதைச் செண்பகவல்லி பார்த்துவிட்டாள்.

அடுத்த மாதம் போனபோது அந்த வீட்டுச் செருப்புகள் அத்தனையும் புதிது. திலகாவைப் பெண் பார்க்க மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் வந்திருந்தார்கள். "வாயத் திறந்துராதீங்க டாக்டரம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று வாசலிலேயே வழிமறித்தாள் செண்பகவல்லி. ஜெசிந்தா தலையாட்டினாள். கண்தான் சும்மா இருக்கவில்லை. புதுச் செருப்புகளுக்கு நடுவே ஒரே ஒரு ஜோடி பழைய ஆண் செருப்பு. குனிந்து ஒன்றை எடுத்துப் புரட்டினாள். நுனி காகிதம்போலத் தேய்ந்திருந்தது.

உள்ளே மாப்பிள்ளையின் அம்மா சொல்வது கேட்டது: "பொண்ண நடந்து காட்டச் சொல்ற பழக்கமெல்லாம் எங்ககிட்ட கிடையாதுங்க. உக்காந்தே இருக்கட்டும்."

செண்பகவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எவ்வளவு நல்ல மனுசங்க, பாத்தீங்களா!"